கூப்பிட்டால் உதிரும் எழுத்து

"மாட்டுக்குத்தானுங்க நம்பரு. காதுல மஞ்சக் கம்மல் மாட்டியிருக்குது பாருங்க, அதுக்கு. மனுசனுக்குப் பேரு."

டெஸ்டர் அக்கா இதைச் சொன்னது எங்கள் பால் சொசைட்டியின் செயலாளரிடம், புதுக் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய அன்றே. மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில், மலையாள எல்லையோரம் இருக்கிற சின்னச் சொசைட்டி அது. அந்தக் கம்ப்யூட்டரைத் தட்டுவதற்கென்று வேலைக்கு எடுக்கப்பட்டவள் நான். உறுப்பினர் எண்ணைத் தட்டினால் ஆளின் பெயரும் பாலின் கொழுப்பும் திரையில் வந்துவிடும், இனிமேல் எல்லோரையும் எண்ணைச் சொல்லியே கூப்பிடலாம் என்று செயலாளர் வரிசையில் நின்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அக்கா லாக்டோமீட்டரைப் பாலில் மிதக்கவிட்டபடி மேலே சொன்ன பதிலைச் சொல்லிவிட்டு, "சென்னியப்பண்ணா, வாங்க" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எண் திட்டம் அத்தோடு மூட்டை கட்டப்பட்டது.

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "கேக்காம எழுதிப்போட்டயே, அர்த்தமாச்சும் சரியாப் போட்டயா?" என்று போனில் வந்து நிற்பார். டெஸ்டர் அக்கா என்றே இருக்கட்டும். பால் சோதிக்கிறவர், அதனால் டெஸ்டர். நாற்பது தாண்டியவர், குள்ளம், உரத்த குரல். கை கழுவிவிட்டு வந்தாலும் ஒரு பால் வாசனை இருக்கும்.

முதல் நாள் என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"பேரென்ன கண்ணு?"

"நிவேதாங்க்கா."

"அப்படீன்னா?"

"அப்படீன்னா... பேருங்க்கா."

"பேருன்னு தெரியுது. அர்த்தம்?"

தெரியாது என்றேன். "இருவத்தாறு வருசமா அது என்னன்னே தெரியாம, கூப்பிட்டாத் திரும்பிப் பாத்துட்டு இருக்கறயா?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பி.காம் படித்தவளிடம் பால் அளக்கிற இடத்தில் இப்படி ஒரு கேள்வியா என்று நினைத்தேன். ஆனாலும் அன்று பொழுது சாய்ந்ததும் இணையத்தில் தேடிப் பார்த்துக்கொண்டு மறுநாள் போய், நிவேதனம், அதாவது சாமிக்குப் படைப்பது என்றேன். "படையலா! பரவால்ல, பசிக்கு ஆகும்" என்று சிரித்தார். அங்கே வேலை பார்த்த மூன்று வருடமும், நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த நாட்களில் மட்டும் என்னைப் "படையலு" என்றே கூப்பிட்டார்.

கேள்வியிலிருந்து யாரும் தப்பியதில்லை. மாட்டுக்கு ஊசி போட வருகிற ஷிஜுவையும் பிடித்துக்கொண்டார். அவர் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து மலையாளி. "பேரிண்டெ அர்த்தம் எந்தாணு?" என்று அக்கா தனக்குத் தெரிந்த மலையாளத்தில் கேட்க, அவர் ஊசியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அங்ஙனெ ஒன்னுமில்ல சேச்சீ. அச்சனும் அம்மையும் வெறுதே இட்டதா" என்றார். வெறுதே என்றால் சும்மா. அக்கா உள்ளே வந்து என்னிடம், "பாவம், சும்மான்னு ஒரு பேரை வெச்சுட்டு முப்பது வருசம் ஓட்டிட்டாரு" என்றார். அன்று ஷிஜுவுக்கு டீயோடு இரண்டு வடை சேர்த்து வாங்கிக் கொடுத்தார்.

இப்படி ஊர்ப் பெயர்களுக்கெல்லாம் பொருள் கேட்டவர் ஒரே ஒரு பெயரை மட்டும் வாயால் சொன்னதே இல்லை. அது அவர் வீட்டுக்காரர் பெயர். உறுப்பினர் விவரம் ஏற்றும்போது, "வீட்டுக்காரர் பேருங்க்கா?" என்று கேட்டேன். ரேஷன் கார்டை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். "அதுல கெடக்குது பாரு." நான் விடவில்லை. "ஊரு பேருக்கெல்லாம் அர்த்தம் கேக்கறீங்க, இந்தப் பேரை நீங்களே சொல்லுங்க பாக்கலாம்" என்றேன். அக்காவின் முகம் மாறிவிட்டது. "சொன்னா அவியளுக்கு ஆயுசு கொறையும் கண்ணு. வெளையாடாத."

கார்டில் தண்டபாணி என்று இருந்தது. அப்போதுதான் எனக்கு இன்னொரு விஷயம் விளங்கியது. அக்கா வாழைத்தண்டைத் தண்டு என்று சொல்லமாட்டார். "வாழைக்குள்ள இருக்கறது நாளைக்கு ரெண்டு மொழம் கொண்டாறயா?" என்று தோட்டக்காரரிடம் கேட்பார். கீரைத்தண்டு கீரைக்காலாகும். தண்டவாளம் ரயில் ரோடாகும். யாராவது "தண்டச்சோறு" என்று பிள்ளையைத் திட்டினால், காதில் விழாதது போல வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். கோயிலில் அர்ச்சனைக்கு நட்சத்திரத்தை மட்டும் சொல்லிவிட்டு நிற்பார், பெயரைப் பூசாரியே போட்டுக்கொள்வார். எனக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது. வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்தத் தண்டபாணி அண்ணன் எங்கள் பக்கத்தில் பால் டேங்கர் ஓட்டியவர். பிறகு வளைகுடாவில் டிரெய்லர் ஓட்டினார். அங்கிருந்து வந்த கொஞ்ச நாளில், கோயம்புத்தூர் ஏஜெண்ட் ஒருவர் மூலமாக லிதுவேனியாவுக்கு லாரி ஓட்டப் போய்விட்டார். அது எங்கே இருக்கிறதென்று அக்கா என்னைக் கம்ப்யூட்டரில் காட்டச் சொன்னார். போலந்துக்கு மேலே காட்டினேன். "இத்தினியூண்டா? இதுல லாரியத் திருப்பறதுக்கே எடம் பத்தாதாட்ட இருக்குதே" என்றார். லாரி அங்கிருந்து புறப்பட்டு ஜெர்மனி, பிரான்ஸ் என்று போய் வரும் என்று சொன்ன பிறகுதான் சமாதானமானார்.

மாலைப் பால் எடுக்கிற நேரத்தில் அண்ணனின் போன் வரும். அக்காவின் கை ஈரமாக இருக்கும், அதனால் ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிடுவார். வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். மற்ற பெண்கள் குளிரா, சோறு கிடைக்கிறதா என்று கேட்பார்கள் அல்லவா? அக்கா கேட்டது, "ஏனுங்க, அங்க கூட இருக்கறவிய பேரெல்லாம் என்னங்க?"

அண்ணனும் சளைத்தவர் இல்லை. அரைகுறை ஆங்கிலத்தில் ஒவ்வொருவரிடமும் கேட்டு வந்து சொல்வார். லோடு எங்கே ஏற்ற வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று ஆபீசிலிருந்து சொல்கிறவர் கிந்தாரஸ். அப்படியென்றால் அம்பர். ஏதோ ஒரு காலத்து மரத்துப் பிசின் கல்லாகிப்போய் அவர்கள் கடற்கரையில் ஒதுங்குமாம். "பிசினு கல்லாப் போகுதா? நம்மூட்டு வேப்பம்பிசினு காயறதுக்குள்ள எறும்பு தூக்கிட்டுப் போயிருதே" என்றார் அக்கா. ரீதிஸ் என்றொரு டிரைவர், விடியற்காலை என்று பொருள். பட்டறையில் இரண்டு பேர், ஔத்ரியுஸ், கெத்ரியுஸ். ஒருவர் புயல், மற்றவர் மழை விட்ட தெளிந்த வானம். "ரெண்டு பேருக்கும் ஒரே ஷிப்டா? அப்ப அங்க மழை பேயுமா பேயாதா?" என்று வரிசையிலிருந்து சென்னியப்பண்ணன் கேட்டார். டயர் மாற்றுகிறவர் கெஸ்துதிஸ், தாங்குகிறவன், பொறுத்துக்கொள்கிறவன். அக்காவுக்கு இந்தப் பெயர் ரொம்பப் பிடித்துப்போனது. டயர்க்காரனுக்கு இதைவிடப் பொருத்தமாக எவன் பெயர் வைப்பான் என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஊர்ப் பழைய ராஜாக்கள் காலத்துப் பெயர்கள் இரண்டு சொல்லைச் சேர்த்துச் செய்தவை என்று நான் தேடிச் சொன்னேன். வாசல் காவலாளி அல்கிர்தஸ். எல்லாம் என்பதையும் கேட்பது என்பதையும் சேர்த்தது, ஆக எல்லாவற்றையும் கேட்கிறவன். அன்று முதல் அக்கா எங்கள் செயலாளருக்கு அல்கிர்தஸ் என்று பெயர் வைத்துவிட்டார், அவர் அறைக்குள் இருந்தே நாங்கள் பேசுவதையெல்லாம் கேட்பவர் என்பதால். மிந்தௌகஸ் என்று ஒரு சூப்பர்வைசர். நினைப்பு, அதிகம் என்ற இரண்டு சொற்கள். நான் அதை அப்படியே தமிழில் சொல்லித் தொலைத்தேன். "ஓ, நெனப்பு ஜாஸ்தியா! சூப்பர்வைசருன்னா அப்படித்தான் இருப்பான்" என்றார் அக்கா. சிந்தனை மிகுந்தவன் என்று நான் எவ்வளவோ மன்றாடியும் எடுபடவில்லை. சொசைட்டிக் கணக்கில் அந்த ஆள் கடைசி வரைக்கும் நெனப்பு ஜாஸ்திதான்.

பெயர்களை அக்கா சொசைட்டிச் சுவரில் தொங்கிய காலண்டரில் எழுதி வைத்தார். அதுவும் மலையாள எழுத்தில். தமிழில் இருக்கிற ஒரே 'க'வை வைத்துக்கொண்டு கிந்தாரஸின் முதல் எழுத்தை எப்படிச் சொல்வதென்று அவருக்குச் சந்தேகம். "மலையாளத்துல நாலு 'க' இருக்குதல்ல. பேரை மட்டும் அதுல எழுதிப்போட்டா அவிய கூப்பிடறாப்லயே வரும்." வரியெல்லாம் தமிழ், பெயர் மட்டும் மலையாளம். எல்லையில் பிறந்ததற்கு இந்த வசதி உண்டு. அந்த ஊர்க் காலண்டரில் ஒவ்வொரு தேதிக்கும் சில பெயர்கள் அச்சிட்டிருக்குமாம். அன்று அந்தப் பெயர்க்காரர்களுக்கு வாழ்த்துச் சொல்வார்கள். அதையும் தேடிப் பிடித்து, "நாளைக்குக் கிந்தாரஸ் பேருக்கு நாளு. மறக்காமச் சொல்லீருங்க" என்று அண்ணனுக்கு முதல் நாளே நினைவுபடுத்துவார். வெளியூர் டிரைவர் ஒருவர் தன் பெயர்நாளைச் சொல்லி வாழ்த்தியதில் அந்தக் கிந்தாரஸ் அசந்துபோய், அண்ணனுக்கு ஒரு பெரிய சாக்லேட் பெட்டி கொடுத்தாராம்.

எல்லாவற்றையும் விட அக்காவைக் கிறங்கடித்தது அந்தக் கடைசி 'ஸ்'. ஆண்பிள்ளைப் பெயர் எதுவானாலும் அவர்களுக்கு 'ஸ்' என்று முடிய வேண்டும். ஆனால் ஆளைக் கூப்பிடும்போது அந்த 'ஸ்' உதிர்ந்துவிடும். கிந்தாரஸ் என்று எழுதுவார்கள். "கிந்தாரை!" என்று கூப்பிடுவார்கள். ரீதிஸ் கூப்பிடும்போது ரீதி. பள்ளிக்கூடத்தில் படித்தது எனக்கு ஞாபகம் வந்தது. முருகன் என்பது பெயர், முருகா என்பது விளி, எட்டாம் வேற்றுமை. நமக்கு 'ஐ' போட்டால் இரண்டாம் வேற்றுமை, அவர்களுக்கு அதுவே விளி. இதை நான் சொன்னதும் அக்கா லாக்டோமீட்டரைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப அவியளும் நம்மளாட்டத்தான்" என்றார்.

"எங்கூட்டுக்காரரு பேருக்கும் ஒரு ஸ் ஒட்டிப்போட்டாங்களாமா" என்று ஒரு நாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எப்படி இருக்கும் என்று சொல்ல அவரால் முடியாதே. வரிசையே சேர்ந்து, "தண்டபாணிஸ்!" என்று கத்தியது. அக்கா சிவந்துபோய் உள்ளே ஓடிவிட்டார்.

இப்போது நான் பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறேன். நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு என்று கூப்பிடுகிறேன். எண்ணுக்குரியவர்கள் எழுந்து வருகிறார்கள். அந்த மாலை வரிசையையும், அலுமினியப் பால்கேன்களையும், அக்காவின் உரத்த குரலையும் நினைத்துக்கொண்டால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. எனக்கு அவர் மேல் கொள்ளைப் பிரியம். அங்கே இருந்தபோது அதை அவரிடம் சொன்னதில்லை.

அண்ணன் போய் ஒரு வருடம் ஆகியிருக்கும். ஒரு திங்கட்கிழமை மாலை போன் வரவில்லை. செவ்வாயும் இல்லை. அக்கா அனுப்பிய செய்திகளுக்கு ஒற்றை டிக்தான் விழுந்தது. ஏஜெண்டைக் கூப்பிட்டோம், எடுக்கவில்லை. புதன்கிழமை அக்கா எல்லோர் பாலையும் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் சோதித்தார். யாருடைய பெயரையும் சத்தமாகக் கூப்பிடவில்லை. வியாழக்கிழமை மாலை, வரிசை நிற்கும்போதே என் முன்னால் வந்து ஒரு கடுதாசியை வைத்தார். அண்ணன் போகும்போது கொடுத்துவிட்டுப் போன கம்பெனி எண்.

"கூப்பிடு கண்ணு. உனக்கு இங்கிலீஷ் வரும்."

கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள். விவரம் சொன்னேன். "டிரைவர் எண்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். எண் இல்லாமல் பார்க்க முடியாது, மின்னஞ்சல் அனுப்புங்கள் என்று வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டேன். அதே கேள்வி, அதே பதில். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்றா?"

"நம்பர் கேக்கறாங்க்கா. டிரைவர் நம்பர்."

அக்காவின் மூக்கு விடைத்தது. "குடு இப்பிடி" என்று போனை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டுத் திரும்பக் கூப்பிட்டார். மூன்றாம் முறை அந்தப் பெண் எடுத்ததும், காலண்டரைப் பார்த்துக்கொண்டே, பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறவரைக் கூப்பிடுகிற குரலில், "கிந்தாரை!" என்றார். அந்த மலையாள 'க' கணீரென்று விழுந்தது. "கிந்தாரை இருக்கறாருங்களா? கிந்தாரை!"

"ஒரு நிமிடம்" என்றாள் அந்தப் பெண். பிறகு ஏதோ இசை. பிறகு ஓர் ஆண்குரல். தன்னைச் சரியாகக் கூப்பிட்டது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டது. நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்சம் தயங்கினார். டிரைவரைப் பற்றிய தகவலை வீட்டாரிடம்தான் சொல்ல முடியும், அது சட்டம். நீங்கள் மனைவியா? இல்லை என்றேன். அப்படியானால் மனைவியே பேசட்டும், டிரைவரின் பெயரை அவர் வாயால் சொல்லட்டும் என்றார்.

அக்காவிடம் அதைத் தமிழில் சொன்னேன்.

"நாஞ் சொல்லட்டுங்களா?" என்றார் வரிசையிலிருந்து சென்னியப்பண்ணன்.

"பொண்டாட்டிதான் சொல்லோணுமாங்கண்ணா."

"நீயே அவளாட்டப் பேசிப்போடு புள்ள" என்று யாரோ சொன்னார்கள். கிந்தாரஸ்தான் எங்கள் இருவர் குரலையும் கேட்டுவிட்டாரே, அதற்கும் வழியில்லை. பால்கேன்களோடு இருபது பேர் நின்றிருந்தார்கள். சொன்னால் ஆயுசு குறையும். சொல்லாவிட்டால் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. அக்கா கையை முந்தானையில் துடைத்தார். எங்களைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தண்டபாணி" என்றார்.

அத்தனை உரத்த குரல்காரர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"தண்டபாணிஸ், ஆமாம்" என்றது அந்தக் குரல். விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். ஜெர்மனியில் மழையில் லாரித் தார்பாயை இழுத்துக் கட்டும்போது மேலிருந்து விழுந்திருக்கிறார். தொடை எலும்பு முறிவு. ஆபரேஷன் முடிந்துவிட்டது. போன் நொறுங்கிப்போனது, ஊர் எண் எதுவும் அவருக்கு மனப்பாடம் இல்லை. ஏஜெண்டுக்கு அன்றே தகவல் சொல்லியிருக்கிறார்கள், அந்த மகராசன் வாயே திறக்கவில்லை. ஆள் நன்றாக இருக்கிறார், இரண்டு நாளில் பேச வைக்கிறேன் என்றார் கிந்தாரஸ்.

வரிசையில் நின்ற பெண்கள் அழுதார்கள். நானும் அழுதேன். அக்கா அழவில்லை. பால்கேனின் மேல் உட்கார்ந்துவிட்டார். "சொல்லிப்போட்டனே" என்றார்.

அடுத்த நாள் முழுவதும் அதையேதான் சொன்னார். "ஒருக்காச் சொன்னா எத்தன கொறையும் கண்ணு?" என்று கேட்டார். எனக்கு எரிச்சல் வந்தது. உயிர் பிழைத்திருக்கிறார், இதில் என்ன மூடநம்பிக்கை என்று ஒரு சொற்பொழிவே நடத்தினேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை. எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அவருக்கு அது நம்பிக்கை என்பதை விட, இருபத்திரண்டு வருடமாக அண்ணனுக்காகக் காத்துவந்த ஒரு காவல். அதைத் தன் வாயாலேயே உடைத்துவிட்டோம் என்பதுதான் துக்கம்.

சனிக்கிழமை மதியம், பால் இல்லாத நேரத்தில், காலண்டர் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"ஏங்கண்ணு, அந்த ஊரு எலக்கணப்படி எங்கூட்டுக்காரரு பேரு என்ன?"

"தண்டபாணிஸ்ங்க்கா."

"அந்த ஸ் இல்லாமச் சொன்னா?"

"அது பேரில்லீங்க்கா. கூப்பிடறது."

அக்கா தூக்கைத் திறந்து, காலையில் கொண்டுவந்திருந்த சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். எனக்கும் ஒரு உருண்டை கொடுத்தார்.

அன்று மாலைப் பால் நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. கை ஈரம். ஸ்பீக்கர்தான்.

"ஏம்புள்ள" என்றது அண்ணனின் குரல், கொஞ்சம் சோர்வாக.

"ஏனுங்க" என்றார் அக்கா.

வலி எப்படி, சோறு என்ன என்று வரிசையில் நின்றவர்களே மாற்றி மாற்றிக் கேட்டார்கள். அண்ணன் எல்லோருக்கும் பதில் சொன்னார். பிறகு குரலில் ஒரு குறும்பு வந்தது.

"கிந்தாரஸ் சொன்னான். நீ என்ற பேரச் சொன்னயாமா?"

அக்கா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கலியாணம் பண்ணி இத்தன வருசத்துல எனக்கு ஒருக்காக்கூடச் சொன்னதில்ல. எவனோ ஒருத்தனுக்குச் சொல்லியிருக்கறே. எனக்கும் ஒருக்காச் சொல்லு புள்ள, கேக்கறேன்."

"அது பேரு சொன்னதில்லீங்க" என்றார் அக்கா. "கூப்பிட்டேன்."

"செரி, இப்பக் கூப்பிடு."

அக்கா எங்கள் எல்லோரையும் ஒரு தரம் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"அதுதான் கூப்பிட்டாச்சல்லங்க" என்றார். "வந்து சேருங்க மொதல்ல."